முதலில் எதைப் பார்ப்பது? மூன்று ஜெர்மன் சோகப் படங்கள்

1929 கடைசியில் ஜெர்மன் சினிமா முழுநீளமாகப் பேச ஆரம்பித்தது. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஆட்சியில் அமர்ந்தார். இடையில் இருந்தது மூன்று வருடமும் சொச்சமும்தான். அந்தக் கொஞ்ச காலத்தில் அங்கே எடுத்த காதல், அவமானம், இழப்பு பற்றிய படங்களில் சில, தொண்ணூறு வருடம் தாண்டியும் பார்க்கிறவர்களின் தொண்டையை அடைக்கவைக்கின்றன.

அவற்றில் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: 'ப்ளூ ஏஞ்சல்'. அது தவறான பதில் இல்லை. ஆனால் பழைய படம் பார்த்துப் பழக்கமில்லாத வீட்டாரையோ நண்பர்களையோ கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டப்போகிறீர்கள் என்றால், முதல் படம் எது என்பது பெரிய விஷயம். அது பிடிக்காமல் போனால் இரண்டாவது படத்துக்கு யாரும் வரமாட்டார்கள். அதனால் 'ப்ளூ ஏஞ்சல்' (1930), 'மேட்ஷன் இன் யூனிஃபார்ம்' (1931), 'லீபெலை' (1933) ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முடிவுகளைத் தொடாமல் இந்தப் படங்களைப் பற்றிப் பேச முடியாது. கதை தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து இதைப் படிக்கலாம்.

ஃப்ரிட்ஸ் லாங்கின் 'எம்' ஏன் இந்த வரிசையில் இல்லை என்று சிலர் கேட்கக்கூடும். பிரமாதமான படம், ஆனால் அது குற்றக் கதை. இங்கே நான் பேசுவது மனிதர்கள் ஒருவரை ஒருவர் நேசித்து, அந்த நேசத்துக்கு இடம் கொடுக்காத ஓர் ஒழுங்கோடு மோதி நொறுங்கும் படங்களைப் பற்றி. மூன்றிலும் அந்த ஒழுங்கு ஒரு நிறுவனமாகவே வந்து நிற்கிறது. முதல் படத்தில் ஆண்கள் பள்ளிக்கூடம், இரண்டாவதில் பெண்கள் விடுதி, மூன்றாவதில் ராணுவம்.

எதை வைத்து ஒப்பிடுவது? நடிப்பு, கதை, ஒளிப்பதிவு எல்லாம் இருக்கட்டும். எனக்கு இந்தப் படங்களில் முதலில் முக்கியம் ஒலி. அப்போதுதான் கைக்கு வந்த புதுக் கருவி அது. ஜெர்மனியின் பெரிய படத் தயாரிப்பு நிறுவனமான உஃபா 1929இல் பெர்லினுக்குப் பக்கத்திலுள்ள பாபெல்ஸ்பெர்க்கில் சிலுவை வடிவில் நாலு ஒலிப்பதிவுத் தளங்களைக் கட்டியது. ஒலிகளைத் தனித்தனியாக எடுத்துப் பிறகு கலப்பது இன்று போல் அவ்வளவு எளிதாக இல்லாத காலம். படம் முழுக்கப் பின்னணி இசையை ஓடவிட்டு, எங்கே அழ வேண்டும் என்று பார்ப்பவருக்குச் சொல்லிக்கொண்டே போகும் வழக்கம் இந்தப் படங்களில் இல்லை. ஒரு சத்தம் வந்தால் அது பெரும்பாலும் கதைக்குள் எங்கிருந்தோதான் வருகிறது. மௌனமும் அப்படித்தான். சோகத்தைக் காது வழியே எப்படிக் கொண்டுவருவது என்று இந்த மூன்று இயக்குநர்களும் மூன்று விதமாக வழி கண்டார்கள். முதலில் எதைப் பார்ப்பது என்பதற்கான என் பதிலும் அதிலிருந்துதான் வருகிறது.

'ப்ளூ ஏஞ்சல்' 1930 ஏப்ரல் 1 அன்று பெர்லினில் குளோரியா பாலஸ்ட் அரங்கில் வெளியானது. தயாரிப்பு உஃபாவின் எரிஹ் பொமர். இயக்கம் ஜோசப் ஃபான் ஸ்டெர்ன்பெர்க், வியன்னாவில் பிறந்து ஹாலிவுட்டில் பெயரெடுத்தவர். 1905இல் ஹைன்ரிஹ் மன் எழுதிய நாவலின் முதல் பாதியை எடுத்துக்கொண்டு, மீதியை வேறு திசையில் கொண்டுபோனார்கள். படத்தின் நட்சத்திரம் எமில் யானிங்ஸ். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதை முதன்முதலில் வாங்கியவர் அவர்தான். மார்லீன் டீட்ரிச் அப்போது அவ்வளவாகத் தெரியாத முகம். படம் வெளியான அன்று இரவே அவர் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்.

ராட் என்ற கண்டிப்பான வாத்தியார். மாணவர்கள் லோலா என்ற பாடகியின் படம் போட்ட அட்டைகளைக் கைமாற்றுகிறார்கள். அட்டையில் அவள் பாவாடைக்கு நிஜ இறகு ஒட்டியிருக்கும். வாயால் ஊதினால் விலகும். அட்டையைப் பிடுங்கிக்கொள்ளும் வாத்தியார், தனியாக இருக்கும்போது தானும் ஊதிப் பார்க்கிறார். மாணவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க லோலா பாடும் 'ப்ளூ ஏஞ்சல்' கேளிக்கை விடுதிக்குப் போகிறவர் அங்கேயே விழுந்துபோகிறார். வேலை போகிறது. லோலாவைக் கல்யாணம் செய்துகொள்கிறார். சில வருடங்களில் அவளுடைய நாடகக் குழுவில் தலையில் முட்டை உடைபடும் கோமாளியாகிறார். கடைசியில் சொந்த ஊரின் அதே மேடையில், பழைய மாணவர்கள் முன்னால் நிறுத்தப்படுகிறார்.

இதில் ஒலி வேலை செய்யும் விதத்தை இரண்டு இடங்களில் கவனிக்கலாம். முதலாவது கதவு. லோலாவின் ஒப்பனை அறை மேடைக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. கதவு திறந்தால் பாட்டும் கூச்சலும் உள்ளே பொங்கி வரும், மூடினால் சட்டென்று அறுந்துபோகும். வாத்தியார் அந்த அறைக்குள் உட்கார்ந்து நாகரிகமாகப் பேச முயல்கிறார். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அவர் எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது நமக்கு நினைவூட்டப்படுகிறது. இரண்டாவது, சேவல் கூவல். கல்யாண விருந்தில் நாடகக் குழுவின் மந்திரவாதி அவர் மூக்கிலிருந்து முட்டை எடுத்துக் காட்ட, லோலா கோழி மாதிரிக் கொக்கரிக்க, சந்தோஷம் தாங்காமல் ராட் சேவல் போலக் கூவுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம். வருடங்கள் கழித்து மேடையில் கோமாளி வேஷத்தில் நிற்கும்போது, லோலா பக்கவாட்டில் இன்னொருவன் அணைப்பில் இருப்பதைப் பார்த்துவிட்டு அதே கூவலைத் திரும்பக் கூவுகிறார். அது மனிதக் குரல்தானா என்றே சந்தேகம் வரும். யானிங்ஸ் ஊமைப்பட நடிகர்தான் என்று குறை சொல்கிறவர்கள், அந்த ஒரு சத்தத்துக்காகவாவது அவருக்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் முதல் படமாக இதைச் சொல்ல நான் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. முதல் அரை மணி நேரம் மெதுவாகப் போகிறது. யானிங்ஸ் ஒரு கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தக்கூட நேரம் எடுத்துக்கொள்கிறார். வேகமான வெட்டுகளுக்குப் பழகிய கண்ணுக்கு இது சோதனை. இரண்டாவது காரணம் பெரியது. பீப்பாய் மேல் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு பாடும் டீட்ரிச்சின் படம், படத்தைப் பார்க்காதவர்களுக்கும் தெரியும். அந்தப் பிம்பத்தோடு வருகிறவர்கள் 'ஒருத்தியால் கெட்டழிந்த நல்ல மனிதன்' கதையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். படத்தில் இருப்பது அது இல்லை. லோலா ஒரு தடவைகூட அவரை ஏமாற்றுவதில்லை. தான் யார் என்பதைப் பாட்டாகவே பாடிச் சொல்கிறாள். அவருக்காகக் காபி ஊற்றிக் கொடுக்கும் அந்தக் காலைச் சாப்பாட்டுக் காட்சியில் அவள் காட்டும் கரிசனம் நிஜம். வகுப்பறையில் மாணவர்களை அதட்டி வாழ்ந்த ஒருவருக்கு அந்தச் சின்னக் கரிசனத்தைத் தாங்கத் தெரியவில்லை. இது கண்ணில் படுவதற்கு, இந்தக் காலத்துப் படங்கள் ஒன்றிரண்டு பார்த்த பழக்கம் இருந்தால் நல்லது.

'ப்ளூ ஏஞ்சல்'தான் என்று முடிவு செய்துவிட்டால் உடனே இன்னொரு கேள்வி வரும்: ஜெர்மன் பிரதியா, ஆங்கிலப் பிரதியா? அந்தக் காலத்தில் டப்பிங் இன்னும் சரியாகக் கைவரவில்லை. அதனால் ஒரே செட்டில், அதே நடிகர்களை வைத்து, ஒவ்வொரு காட்சியையும் ஜெர்மனில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் எடுத்தார்கள். ஆங்கிலம் புரியும், சப்டைட்டில் படிக்க வேண்டாமே என்று ஆங்கிலப் பிரதியைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். வேண்டாம். அதில் நடிகர்கள் பலர் வார்த்தையைத் தேடித் தேடிப் பேசுகிறார்கள், பேச்சின் வேகம் போய்விடுகிறது. ராட் ஓர் ஆங்கில வாத்தியார். ஜெர்மன் பிரதியில் ஹாம்லெட்டின் புகழ்பெற்ற வரியைச் சொல்ல வரும் மாணவனின் உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி அவனை வதைக்கிறார். அந்த வதைதான் அவர் ஆள் எப்படி என்று நமக்கு முதலில் காட்டுவது. எல்லோரும் பாதி நேரம் ஆங்கிலமே பேசும் பிரதியில் அந்தக் காட்சிக்குக் கூர்மை இல்லை. ஜெர்மன் பிரதியைப் பார்த்துவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்கும் ஆர்வம் இருந்தால் ஆங்கிலப் பிரதியிலிருந்து பாட்டுக் காட்சிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள், போதும்.

அடுத்தது 'மேட்ஷன் இன் யூனிஃபார்ம்'. இதை எடுத்தது பெரிய நிறுவனம் ஒன்றும் இல்லை. நடித்தவர்களும் வேலை செய்தவர்களும் லாபத்தில் பங்கு என்ற ஏற்பாட்டில் கூட்டுறவு முறையில் எடுத்த படம். நாடக மேடையிலிருந்து வந்த லியோன்டீன் ஸாகன் இயக்கினார். அனுபவஸ்தரான கார்ல் ஃப்ரோலிஹ் மேற்பார்வை. கிறிஸ்டா வின்ஸ்லோ எழுதிய நாடகம்தான் மூலம். ஓர் ஆண் நடிகர்கூடக் கிடையாது. ஆனாலும் படத்தின் முதல் நிமிடத்திலிருந்தே ஆண்களின் ராணுவம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பாட்ஸ்டம் நகரத்தின் கற்சிலைகள், கொம்பு வாத்தியம், அணிவகுப்பு. அப்புறம் கோடு போட்ட சீருடையில் இரண்டிரண்டு பேராக நடந்துபோகும் பெண் பிள்ளைகள். அதிகாரிகளின் மகள்களுக்கான விடுதி அது. தலைமை ஆசிரியைக்குப் பிள்ளைகளின் பசிகூட ஒழுக்கப் பயிற்சிதான். பிரஷ்யா பசியிலிருந்துதான் பெரிதானது என்கிறார் அவர்.

தாயை இழந்த மனுவேலா என்ற பெண் அங்கே வந்து சேர்கிறாள். அவளிடம் அன்பாக நடந்துகொள்ளும் ஒரே ஆசிரியை ஃபான் பெர்ன்புர்க். ஹெர்தா தீலேயும் டொரோதியா வீக்கும் அந்த இரண்டு பாத்திரங்களில். படுக்கப் போகும் நேரத்தில் வரிசையாக மண்டியிட்டிருக்கும் பிள்ளைகளின் நெற்றியில் ஆசிரியை ஒவ்வொருவருக்காக முத்தமிட்டுக்கொண்டே வருகிறார். பிள்ளைகள் அந்த ஒரு நொடிக்காக நாள் முழுக்கக் காத்திருந்தது அவர்கள் முகத்தில் தெரிகிறது. மனுவேலாவிடம் வரும்போது முத்தம் உதட்டில் விழுகிறது. கிழிந்த உள்ளாடையோடு வந்த மனுவேலாவுக்குப் பிறகு ஆசிரியை தன்னுடைய ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். பள்ளி விழாவில் பிள்ளைகள் ஷில்லரின் 'டான் கார்லோஸ்' போடுகிறார்கள், மனுவேலாவுக்கு ஆண் வேஷம். நாடகம் முடிந்த குதூகலத்தில் பானத்தைக் கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டு, தன் அன்பை எல்லோர் முன்னாலும் உரக்கச் சொல்லிவிடுகிறாள். தலைமை ஆசிரியை வாசலில் நிற்கிறார்.

இது தாய்க்கு ஏங்கும் குழந்தையின் அன்பா, பெண் பெண்ணைக் காதலிப்பதா? படம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை, இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது. நீங்கள் பாவம் என்கிறதை நான் ஆயிரம் வடிவங்கள் கொண்ட அன்பு என்கிறேன், இந்தப் பொருளில் பெர்ன்புர்க் தலைமை ஆசிரியையிடம் ஒரு பதில் சொல்வார். 1931இல் ஒரு திரைப்படம் இதை இவ்வளவு நேராகச் சொன்னது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அமெரிக்கத் தணிக்கையில் படம் மாட்டியதும் இதனால்தான்.

இதில் ஒலி எங்கே வேலை செய்கிறது? பெயரில். தண்டனையாகத் தனிமைப்படுத்தப்பட்ட மனுவேலா உச்சி மாடிக்குப் படியேறுகிறாள். நடுவில் ஆழமான கிணறு போல் திறந்து கிடக்கும் அந்த மாடிப்படியை ஆரம்பத்திலிருந்தே நமக்குக் காட்டிவந்திருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் அவளைத் தேடிக் கூப்பிடுகிறார்கள். 'மனுவேலா, மனுவேலா' என்று அந்தப் பெயர் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவி, கட்டடம் முழுக்க நிறைகிறது. பேச அனுமதியில்லாத இடத்தில் அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தும் முதல் தருணம் அது. மூல நாடகத்தில் மனுவேலா இறந்துபோவாள். படத்தில் பிள்ளைகள் எட்டிப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். கடைசியில் தலைமை ஆசிரியை வாய் திறக்காமல் தாழ்வாரத்தில் நடந்து போகிறார். வெளியே கொம்பு ஊதும் சத்தம் மறுபடியும் கேட்கிறது. பிள்ளைகள் ஜெயித்தார்களா என்றால், வீட்டுக்குள்ளே ஜெயித்தார்கள், வெளியே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பேசித் தீர்க்க விஷயம் அதிகம் தரும் படம் மூன்றில் இதுதான். ஆசிரியர்களோ கல்லூரி மாணவர்களோ உள்ள கூட்டம் என்றால், யோசிக்காமல் இதையே போடலாம். சிரமம் என்னவென்றால் பேச்சு மிக அதிகம். ஏழெட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் கிசுகிசுப்பார்கள், சப்டைட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் படிப்பதற்குள் ஹெர்தா தீலேயின் முகத்தில் நடந்ததைத் தவறவிடுவோம். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இது நஷ்டம்தான்.

சரி, 'லீபெலை'க்கு வருவோம். மூன்றில் பெயர் குறைவாகத் தெரிந்தது இது. முதலில் பார்க்க நான் சொல்வதும் இதைத்தான்.

ஆர்தர் ஷ்னிட்ஸ்லரின் நாடகம், 1895இல் வியன்னாவில் அரங்கேறியது. படத்தை இயக்கியவர் மாக்ஸ் ஓஃபுல்ஸ். கதையைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஃப்ரிட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரிக்கு ஒரு பிரபுவின் மனைவியோடு தொடர்பு. அதில் அவனுக்கே அலுப்புத் தட்டிவிட்டது. அப்போது கிறிஸ்டீனைச் சந்திக்கிறான். அப்பா இசைக்குழுவில் வாசிக்கிறவர், மகளுக்குப் பாடகியாகும் கனவு. இருவருக்கும் உண்மையாகவே காதல். ஃப்ரிட்ஸ் பழைய தொடர்பை அறுத்துக்கொள்கிறான். ஆனால் அறுந்துபோன அந்த உறவு பிரபுவின் காதுக்குப் போய்விடுகிறது. கௌரவம் கெட்டது, துப்பாக்கிச் சண்டைக்கு வா என்கிறார். முடிந்துபோன ஓர் உறவுக்காக, இப்போதுதான் ஆரம்பித்த ஒரு வாழ்க்கையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மறுத்தால் அதிகாரி பதவிக்கு இழுக்கு.

நாடகத்தில் ஃப்ரிட்ஸ் இவ்வளவு நல்லவன் இல்லை. கிறிஸ்டீன் அவனுக்குப் பொழுதுபோக்காக இருந்தாளோ என்ற சந்தேகம் அங்கே கசப்பாகத் தங்கிவிடும். ஓஃபுல்ஸ் அதை மாற்றி, காதலை இரண்டு பக்கமும் நிஜமாக்கினார். கூர்மை போய்விட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரும் நிஜமாக நேசிக்கும்போதுதான் அந்தக் கௌரவச் சட்டத்தின் அபத்தம் முழுசாகத் தெரிகிறது.

படம் மொஸார்ட்டின் இசை நாடகம் நடக்கும் அரங்கில் தொடங்குகிறது. மேல்தட்டில் மலிவான இடத்தில் கிறிஸ்டீனும் அவள் தோழி மிட்ஸியும். மிட்ஸியின் கையிலிருந்து நழுவும் தொலைநோக்கிக் கண்ணாடி கீழே அதிகாரிகள் பக்கம் விழுகிறது, பழக்கம் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. லூயிஸே உல்ரிச் மிட்ஸியாக வரும் இடங்களிலெல்லாம் படம் சிரிக்கிறது. முதல் பாதி லேசாக, சந்தோஷமாகப் போவதுதான் புதிதாகப் பார்க்கிறவர்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆளில்லாத காப்பிக் கடையில் காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியின் வால்ட்ஸுக்கு ஃப்ரிட்ஸும் கிறிஸ்டீனும் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள், கேமராவும் கூடவே போகிறது. பனி மூடிய காட்டில் குதிரைச் சறுக்கு வண்டியில் போகும்போது, என்றென்றைக்கும் உன்னை நேசிப்பேன் என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்கிறார்கள். வண்டி மணியும் இரண்டு குரல்களும்தான் அங்கே கேட்பது.

அப்புறம் அந்தத் துப்பாக்கிச் சண்டை. ஓஃபுல்ஸ் அதைக் காட்டவில்லை. நண்பன் தேயோவும் மிட்ஸியும் தள்ளி நிற்கிறார்கள். கௌரவம் கெட்டவருக்கு முதலில் சுடும் உரிமை, அப்புறம் மற்றவர். ஒரு வெடிச் சத்தம் கேட்கிறது. இப்போது இரண்டாவது கேட்க வேண்டும். கேட்டால் ஃப்ரிட்ஸ் உயிரோடு இருக்கிறான், அவன் முறை வந்துவிட்டது என்று அர்த்தம். அவர்கள் காத்திருக்கிறார்கள். நாமும் காத்திருக்கிறோம். இரண்டாவது சத்தம் வரவில்லை. ஒரு சாவை ரத்தமும் காட்டாமல், முகமும் காட்டாமல், வராத ஒரு சத்தத்தால் சொல்லிவிட்டார். ஜெர்மனியில் பேசும் படம் வந்து மூன்று வருடமும் சொச்சமும் ஆவதற்குள் ஒருவர் மௌனத்தை இப்படிக் கையாண்டிருக்கிறார்! ஊமைப்படத்தில் இந்தக் காட்சி சாத்தியமே இல்லை; அங்கே எல்லாமே சத்தமில்லாததுதான். இருபது வருடம் கழித்து 1953இல் பிரான்ஸில் எடுத்த 'மாடம் து' படத்தின் முடிவிலும் ஓஃபுல்ஸ் இதே உத்திக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு கிறிஸ்டீனிடம் செய்தியைச் சொல்ல வேண்டும். மாக்டா ஷ்னைடருக்கு அதுவரை கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் சிரிப்பும் பாட்டும் உள்ள வேஷங்கள். இங்கே கேமரா அவர் முகத்துக்கு மிக அருகில் போய் நின்றுவிடுகிறது. மற்றவர்கள் பேச முடியாமல் நிற்க, இன்னொருத்திக்காகவா செத்தான் என்பதை அவள் தனக்குத்தானே கேட்டுக் கேட்டுப் புரிந்துகொள்கிறாள். குரல் உயர்வதே இல்லை. அழுகை வரும் என்று நாம் எதிர்பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் அவள் அழாமல் அடுத்த வார்த்தையைத் தேடுகிறாள். அவள் உயிரை விட்ட பிறகு படம் மறுபடியும் அந்தப் பனிக்காட்டுக்குப் போகிறது. யாரும் இல்லை. சத்தியம் செய்த குரல்கள் மட்டும் கேட்கின்றன.

பேச்சு குறைவு, நீளம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், கதை யாருக்கும் உடனே பிடிபடும், முதல் பாதியில் சிரிப்பு உண்டு. முதல் படமாகக் காட்ட இதைவிட வேறு என்ன வேண்டும்? ஒரே குறை பிரதி. மற்ற இரண்டும் நன்றாகத் துலக்கப்பட்டு வட்டுகளில் கிடைக்கின்றன. 'லீபெலை'யில் மங்கலும் கீறலும் ஒலியில் கரகரப்பும் உள்ள பிரதிகள்தான் அதிகம் சுற்றுகின்றன. இணையத்தில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துவிடாமல் இரண்டு மூன்றைத் திறந்து, சறுக்கு வண்டிக் காட்சியையும் துப்பாக்கிச் சத்தக் காட்சியையும் மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒலி தெளிவாக உள்ளதையே எடுங்கள், படம் சற்று மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. நல்ல ஒலியில் கிடைக்கவே இல்லை என்றால் 'மேட்ஷன் இன் யூனிஃபார்ம்' போடுங்கள். வராத சத்தத்துக்குக் காத்திருக்கும் இடத்தில் கரகரப்பு நிறைந்திருந்தால் அந்தக் காட்சி செத்துவிடும்.

இதற்குப் பதிலாக மறு ஆக்கங்களைப் பார்க்கலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். மூன்று படங்களையும் இரண்டே வருடத்துக்குள் வண்ணத்தில் திரும்ப எடுத்தார்கள். 1958இல் 'மேட்ஷன் இன் யூனிஃபார்ம்', அதே வருடம் 'லீபெலை'யின் பிரெஞ்சு வடிவமான 'கிறிஸ்டீன்', 1959இல் ஹாலிவுட் 'ப்ளூ ஏஞ்சல்'. முதல் இரண்டிலும் நாயகி ரோமி ஷ்னைடர், மாக்டா ஷ்னைடரின் மகள். அம்மா 1933இல் நடித்த பாத்திரத்தையே மகள் கால் நூற்றாண்டு கழித்து அலன் டெலோனோடு நடித்தார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 1958 'மேட்ஷன்' அந்த அன்பின் கூர்மையை மழுக்கிவிட்டது, 'கிறிஸ்டீன்' ஆடை அலங்காரத்தில் மயங்கிவிட்டது. ஹாலிவுட் படத்தைத் தேடிப் போக வேண்டாம். அசல்களைப் பார்த்த பிறகு ரோமிக்காக இரண்டைப் பார்க்கலாம்.

எலிசபெத் பெர்க்னர் நடித்த 'டெர் ட்ராய்மெண்டே முண்ட்' (1932) படத்தை நாலாவதாகச் சொல்லலாம். கணவனுக்கும் வயலின் கலைஞனுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் பெண்ணின் கதை. பெர்க்னரின் நடிப்பு ஒரு தனி ருசி, அது பிடித்தவர்களுக்கு மட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், படம் முடிந்த பிறகு அதில் நடித்தவர்களுக்கு என்ன ஆனது என்பதைக் கூட்டத்துக்குச் சொல்லுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் முகங்களைப் பார்க்காமல் தலைவிதியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். 'ப்ளூ ஏஞ்சலி'ல் மந்திரவாதியாக வந்து சிரிக்கவைக்கும் குர்ட் கெரோன் யூதர். தெரேஸியன்ஷ்டாட் முகாமில் நாஜிகளுக்காகப் பிரசாரப் படம் எடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டு, 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவரோடு ஒரே சட்டகத்தில் நிற்கும் யானிங்ஸ் நாஜி ஆட்சியின் பிரசாரப் படங்களில் நாயகனாக நடித்தார். தயாரிப்பாளர் பொமரும், பாட்டுகளுக்கு இசையமைத்த ஃப்ரீட்ரிஹ் ஹோலண்டரும் நாட்டை விட்டு வெளியேறினார்கள். மனுவேலாவாக நடித்த ஹெர்தா தீலே நாஜிகளோடு ஒத்துப்போக மறுத்து 1937இல் ஸ்விட்சர்லாந்து போனார். அதன் மூல நாடகத்தை எழுதிய வின்ஸ்லோ 1944இல் பிரான்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

'லீபெலை' 1933 மார்ச்சில் பெர்லினில் வெளியானபோது ஓஃபுல்ஸ் அங்கே இல்லை. யூதரான அவர், நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த கையோடு குடும்பத்துடன் பிரான்ஸுக்குப் போய்விட்டார். படத்தின் தலைப்பு அட்டையிலிருந்து அவர் பெயர் எடுக்கப்பட்டது. அதே படத்தில் ஃப்ரிட்ஸாக உருக்கமாக நடித்த வொல்ஃப்காங் லீபனைனர், நோயாளிகளைக் 'கருணையோடு' கொல்வதை நியாயப்படுத்தும் 'இஹ் கிளாகே ஆன்' என்ற படத்தை 1941இல் இயக்கினார். தற்காப்புக்காக இல்லாமல் சுடுவது கொலைதான் என்று மேலதிகாரியிடம் தேயோ வாதாடும் காட்சி, இந்த விவரம் தெரிந்த பிறகு வேறு கனத்தோடு நினைவுக்கு வரும்.

நடைமுறையில் சில விஷயங்கள். 'மேட்ஷன்', 'லீபெலை' இரண்டிலும் தற்கொலை வருகிறது. ஒன்றில் முயற்சி, இன்னொன்றில் சாவு. வளர்ந்துவரும் பிள்ளைகளோ, அண்மையில் யாரையாவது பறிகொடுத்தவர்களோ கூட்டத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு 'ப்ளூ ஏஞ்சல்' பொருத்தம் என்று நினைக்க வேண்டாம். அதில் வரும் அவமானமும் லேசானது இல்லை. வயதானவர்கள் அதிகம் என்றால் 'லீபெலை', மாணவர்கள் என்றால் 'மேட்ஷன்', ஏற்கெனவே பழைய படங்கள் பார்த்துப் பழகியவர்கள் என்றால் 'ப்ளூ ஏஞ்சல்' ஜெர்மன் பிரதி. மூன்று மாலை கிடைத்தால் வெளியான வரிசைக்கு நேர் எதிராக, 1933இல் ஆரம்பித்து 1930இல் முடியுங்கள். ஓஃபுல்ஸ் காதைப் பழக்கிவைத்த பிறகு, ஸ்டெர்ன்பெர்க்கின் அந்த ஒப்பனை அறைக் கதவு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதை யாரும் சொல்லாமலே கவனிப்பீர்கள்.